தவாய்க்காரர்

பள்ளிக்கூடச் சுவரில் ஆசியா கண்டத்தின் தேசப்படம் தொங்குகிறது. அதற்கு முன்னால், தலையைச் சுற்றிக் கட்டுப் போட்ட ஒரு மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கையில் பிரம்புடன் நின்று ஒவ்வொரு தேசமாகத் தொட்டுக் காட்டுகிறேன். அரபி தேசம். பாரசீகம். சீனம். சயாம். அவர் தேசங்களைப் பார்க்கவில்லை. பிரம்பின் நுனியைச் சுற்றி வந்த ஓர் ஈயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜன்னலில் பாதி ஊர் நிற்கிறது. எங்கள் பங்குச் சாமியார் நாற்காலியில் உட்கார்ந்து தாடியை நீவுகிறார். கட்டுக்குள்ளிருந்து வேப்பெண்ணெயும் காய்ந்த ரத்தமும் கலந்த வாடை வருகிறது. என் பிரம்பு வங்காளக் குடாக்கடலைத் தாண்டி, அந்தப் பக்கம் வால்போல நீண்டு கிடக்கும் நிலத்தில் போய் நின்றது. அந்த மனிதர் சட்டென்று எழுந்து, உள்ளங்கையைப் படத்தின்மேல் வைத்து, வாய்விட்டுச் சிரித்தார்.

ஜன்னலில் ஒரே ஆரவாரம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்த ஆரவாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது கூசுகிறது. போன வாரம் வரை இந்தப் பத்திரிகையில் என் படிப்பைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் எழுதினேன். "வாத்தியார் வாழ்க்கையில் ஒரு தப்பும் செய்யவில்லை போலிருக்கிறதே" என்று ஒரு சிநேகிதர் கடிதம் போட்டிருக்கிறார். செய்தேன் ஐயா. அதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டியில் வந்தவர்

மலைமேல் பேரியாற்று அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கிராமம். பாட்டன் பூட்டன் காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பங்கள். கூடலூர்ச் சாலையில் நாங்கள் அதுவரை கேட்டிராத பாஷைகளெல்லாம் நடந்து போயின. தச்சர்கள், கல்லுடைக்கிறவர்கள், சுண்ணாம்பு சுடுகிறவர்கள், தோட்ட வேலைக்குப் போகிற கூட்டங்கள். யார் எந்தச் சீமை என்று கேட்பதைக்கூட நாங்கள் விட்டுவிட்டோம்.

ஒரு நாள் காலையில் மலையிலிருந்து இறங்கிய வண்டிக்காரர்கள் இரண்டு பேர் ஒரு மனிதரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டார்கள். மலைப்பாதைப் பள்ளத்தில் மண்டை உடைந்து கிடந்தாராம். எங்கள் சாமியார் மருந்து போடுவார் என்று கேள்விப்பட்டுக் கொண்டுவந்தார்கள்.

"யாருப்பா இவரு?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. வழிபூராம் பேசிக்கிட்டே வந்தாரு. ஒரு வார்த்தை வெளங்கல. எந்தத் தேசத்து ஆளோ!"

வண்டி போய்விட்டது. அவர் நினைவாகத்தான் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கறுத்த, ஒடிசலான தேகம். காயத்துக்கு மருந்து போடுவதற்காகச் சாமியார் தலையை மழித்துவிட்டார். மேலுக்கு ஒரு கம்பளி, இடுப்பில் ஒரு துண்டு. அவ்வளவுதான் அவருடைய உடைமை.

நான் அவர் முன்னால் குனிந்து, "எந்த ஊரு?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்து, நிதானமாக, நீளமாகப் பதில் சொன்னார். ஒரு சொல்லும் தமிழில்லை.

என் பூகோளம்

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரையில் உபாத்தியாயர் பயிற்சி முடித்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கணக்கையும் வாசிப்பையும் ஊரார் மதித்தார்கள். பூகோளத்தை மதிக்கவில்லை. "சீனத்துல சடை பின்னுனா நமக்கென்ன, பின்னாட்டி நமக்கென்ன?" என்று என் மாமனாரே கேட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு ஜனத்துக்கு ஒரு வரி. சீனர் சடை பின்னியிருப்பர். அரபியர் ஒட்டகப்பால் அருந்துவர். பர்மியர் கேளிக்கையில் விருப்பமுடையோர். கடைசியில் நம்முடைய முறை: இந்தியர் சாந்த குணமுள்ளவர், அரிசி உண்பர். எங்கள் ஊரில் அரிசிச் சோறு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான். சாந்த குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் வாய்க்கால் தண்ணீர் திறக்கிற நாளில் வந்து பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொண்டால் அந்த ஒரு வரி போதாது. கம்பத்தில் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் உண்டு. பக்கத்துத் தெருவில் தெலுங்கு. மலையேறினால் மலையாளம். ராவுத்தர் வீடுகளில் தமிழ் பேசி அரபியில் ஓதுவார்கள். எங்கள் கோயிலில் பூசை லத்தீனில். பூசை வைக்கிற சாமியாரோ வெள்ளைக்காரர், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. இதையெல்லாம் நான் வகுப்பில் சொன்னதில்லை. புத்தகத்தில் இல்லையே!

அப்படிப்பட்ட என்னிடம் ஊர் முதல்தடவையாகப் பூகோளம் கேட்டு வந்தது. "நீங்கதேன் எல்லாத் தேசத்தையும் படிச்சிருக்கீக. பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். என் தலை நின்ற உயரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கேட்டதுக்கெல்லாம் பதில்

அன்று முதல் ஒரு வாரம் பள்ளிக்கூடத் திண்ணையில் பாஷைப் பரீட்சை நடந்தது. தெலுங்கில் கேட்டார்கள். கன்னடத்தில் கேட்டார்கள். மலையாளத்தில் நானே கேட்டேன். சாமியார் போர்த்துகீசில் கேட்டார், பிறகு தன் சொந்த பாஷையில் கேட்டார்.

ஒன்றும் புரியாதவன் விழிப்பான், அல்லது கையை விரிப்பான். இவர் அப்படிச் செய்யவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். குரலை ஏற்றி, இறக்கி, நடுவில் நிறுத்தி, "உனக்குத் தெரியாதா என்ன" என்பதுபோலத் தலையை ஆட்டிச் சொன்னார். சில சமயம் பேசிக்கொண்டே வரும்போது கண்ணில் நீர் தளும்பும். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

சாமியார் சொன்னார்: "இது பிதற்றல் அல்ல. இவனுடைய பேச்சில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நமக்குத் தெரியாத ஒழுங்கு." சாமியார் எப்போதும் அச்சடித்த புத்தகம் போலத்தான் தமிழ் பேசுவார்.

எனக்கு நாளுக்கு நாள் குழப்பம் ஏறியது. ஆசியா கண்டத்தில் இத்தனை கோடி ஜனம். இத்தனை பாஷை. அதில் ஒன்று வழிதவறி என் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, வயிறு நிறையப் பேசுகிறது. அது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

காசிம் ராவுத்தர்

கடைசியில் உத்தமபாளையத்திலிருந்து காசிம் ராவுத்தரை அழைத்துவந்தேன். தோல் வியாபாரி. ரங்கூனிலும் பினாங்கிலும் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர் எதிரில் உட்கார்ந்து, ஹிந்துஸ்தானியில் ஆரம்பித்து, பர்மா பாஷைக்குப் போய், மலாயில் முடித்தார். நம்மவர் மூன்றுக்கும் சந்தோஷமாகப் பதில் சொன்னார்.

"ஒண்ணும் பிடிபடலையே வாத்தியாரே" என்று எழுந்த ராவுத்தர், வாசல்படியில் நின்றார். "இருங்க. இப்ப என்னமோ சொன்னாரே... தவாயா?"

ஆமாம். அந்தச் சொல்லை நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். அவர் பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் வரும். தவாய், தவாய்.

"தவாய்னு ஒரு ஊரு இருக்கு. ரங்கூனுக்குத் தெக்க, கடலோரம். நான் கப்பல்ல போகையில பாத்திருக்கேன்."

நான் ஓடிப்போய்ப் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. பர்மா தேசத்துத் துறைமுகங்களில் நாலாவது பெயர்.

"ஆனா முகம் அந்த ஊரு முகம் இல்லையே" என்று ராவுத்தர் மோவாயைச் சொறிந்தார்.

"நம்ம பக்கத்து ஆளுக அங்கன போயிக் குடியேறியிருக்காகளே. அவுக பிள்ளையா இருக்கலாம். அங்கனயே பிறந்து, அந்த ஊரு மலைஜாதிப் பாஷை ஏதாவது பேசிப் பழகியிருக்கலாம்" என்றேன் நான். யோசிக்காமலே வந்துவிட்டது. சொல்லி முடித்ததும் எனக்கே அது ரொம்பச் சரியாகப் பட்டது.

மறுநாள்தான் அந்தத் தேசப்படப் பரீட்சை. கையை வைத்துச் சிரித்தார் என்று சொன்னேனே, அது. கை எங்கே இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். விரித்த உள்ளங்கை. பர்மா, சயாம், பாதி வங்காளம் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. ஒருவேளை அந்த ஈயைத்தான் அடித்தாரோ என்னவோ.

ராவுத்தரின் மருமகன் அந்த வாரம் ரங்கூனுக்குப் புறப்படுகிறவன். நாகப்பட்டணத்தில் கப்பல். "நான் கூட்டிட்டுப் போறேன் மாமா, அங்கனருந்து தவாய்க்கு ஏத்திவிட்டுர்றேன்" என்றான். நல்ல பையன்.

சாமியார் என்னைத் தனியே கூப்பிட்டு, "உமக்கு உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சாமி" என்றேன்.

களி

இப்போது சொல்லப்போவதை என் மனைவியிடம்கூட ரொம்ப வருஷம் சொல்லவில்லை.

புறப்படுகிற நாள் காலையில் அவருக்கு என் வீட்டிலிருந்து கம்பங்களி கொண்டுபோனேன். அதுவரை அவருக்குச் சாமியார் பங்களாவில்தான் சாப்பாடு. பெரும்பாலும் கஞ்சி. களி உருண்டையைப் பார்த்ததும் அவர் கையைக் கழுவினார். உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி பறித்தார். கருவாட்டுக் குழம்பை அந்தக் குழியில் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். ஊற்றினேன். ஓரத்திலிருந்து கிள்ளி, குழம்பில் தோய்த்து, பல்லில் படாமல் விழுங்கினார். மிச்சக் குழம்பை விரலால் வழித்து, கடைசி வாய்க்குத் தடவினார்.

எங்கள் பள்ளத்தாக்கில் அப்படித்தான் தின்போம். என் அப்பா அப்படித்தான் தின்பார்.

நான் பார்த்தேன். "தவாய்க்குப் போன நம்ம ஆளுக வீட்டிலயும் இப்படித்தான் தின்பாக" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசலில் வண்டி பூட்டியாகிவிட்டது. ஊர் கூடி நிற்கிறது. ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, "படிச்ச படிப்பு ஒரு மனுசனைக் கரைசேத்திருச்சு" என்கிறார். அந்த நேரத்தில் களியைப் பற்றி எப்படிப் பேசுவது? பேசவில்லை.

அவர் வண்டியில் ஏற மறுத்தார். இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்றினார்கள். கூண்டுக்குள் போன பிறகும் அவர் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கம்பளியில் ஒரு ஒட்டு

மறுநாள் உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். முழங்கால் வரை புழுதி.

"ஐயா, மண்டை ஒடஞ்ச ஆளு ஒருத்தரை இங்கன எறக்கிவிட்டாகளாமே. வண்டிக்காரவுக பேசிக்கிட்டதைக் கேட்டவுக வந்து சொன்னாக. எங்க வீட்டு ஆம்பளையா இருக்குமோன்னு பாக்க வந்தேன்."

"எந்த ஊரும்மா?"

"வருசநாடு. என் பேரு ஒச்சம்மா. அவுக ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவுக. ஒரு மாசமாச்சு, தாக்கல் சேதி ஒண்ணும் இல்ல."

"அவரு என்ன பாஷை பேசுவாரு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்ன பாஷையின்னா? நம்ம பாஷைதேன்."

எனக்குப் பெரிய ஆறுதல். "அப்ப இவரு அவரில்லம்மா. இவரு பர்மா தேசத்து ஆளு. நேத்துக் காலையில ரங்கூனுக்கு அனுப்பிட்டோம்" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். திரும்பியவள் வேலியைப் பார்த்து நின்றுவிட்டாள். ரத்தக்கறை போவதற்காகத் துவைத்து வேலிமேல் போட்டிருந்த கம்பளியை எடுக்க மறந்து அவரை அனுப்பிவிட்டோம். அதன் மூலையில் கையகலத்துக்கு ஒரு சிவப்புத் துணி ஒட்டுப் போட்டிருந்தது. ஒச்சம்மா தன் சேலை முந்தானையைக் கம்பளி பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். முந்தானையில் ஒரு துண்டு கத்தரித்த இடம் இருந்தது. அதே சிவப்பு.

"நான் தச்சதுய்யா இது" என்றாள். பிறகு, "ரங்கூனுன்னா எங்கன இருக்கு? நடந்து போனா எத்தனை நாளு?"

நான் படத்தைக் காட்டவில்லை. உத்தமபாளையத்துக்கு ஓடினேன். ராவுத்தர் விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடப் போடாமல் தன் குதிரைவண்டியைப் பூட்டச் சொன்னார். "மருமகன் அல்லிநகரத்துல சரக்கு ஏத்த ஒரு நாள் தங்குவான். நாளைக் காலையிலதேன் ரயிலடிக்குப் போவான். இப்பவே போனாப் பிடிச்சிறலாம்."

வழியில் ஒச்சம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். "நேத்துச் சின்னமனூருக்கு அங்கிட்டு ஒரு கூண்டுவண்டி எதுத்தாப்புல வந்துச்சு. உள்ள யாரோ பேசிக்கிட்டே போனாக. என்னமோ வெளியூர்க்காரவுகன்னு ஒதுங்கி வழி விட்டேன்."



அல்லிநகரத்தில்

வெயில் சாயும்போது போய்ச் சேர்ந்தோம். புளியமரத்தடியில் வண்டி அவிழ்த்துக் கிடந்தது. அவர் ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். ஒச்சம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து, மடை திறந்ததுபோலப் பேசினார். தவாய், தவாய் என்று அவளைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிப் பேசினார்.

அவள் அப்படியே நின்றாள். "என்ன பேசுறீக? என்னங்க, என்ன பேசுறீக?"

அவர் இன்னும் உரக்கச் சொன்னார்.

ஒச்சம்மா என் பக்கம் திரும்பினாள். "எங்க ஆம்பளையை என்ன செஞ்சீக?"

ராவுத்தரின் மருமகனுக்குச் சங்கடம். "மொட்டைத்தலை, தாடி வேற. பேச்சும் புரியலைங்கிறாக. கம்பளி கைமாறியிருக்கும். இவுக புருசன்னு எதை வச்சு நான் எறக்கிவிடுறது? நாளைக்கு வேற ஒருத்தி வந்து நின்னா?" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. "வாத்தியாரே சொல்லட்டும்" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று காலையில்கூட அவளுக்குச் சட்டென்று பதில் சொன்னவன் நான். தமிழரா, தவாய்க்காரரா? இவள் புருஷனா, இல்லையா? தமிழரென்றால் ஏன் தமிழ் பேசவில்லை? ஒரு மனிதனுக்குத் தன் பாஷை தொலைந்துபோகுமா? தொலைந்தால் வேறொன்று எங்கிருந்து வந்தது?

ஒச்சம்மா பின்வாங்கி ஒரு எட்டு வைத்தாள். "ஸ்ஸ்" என்று காலைத் தூக்கினாள். நடந்து வந்ததில் குதிகாலில் முள் ஏறியிருந்தது.

அவர் பேச்சு நின்றது. அவள் காலைப் பார்த்தார். நேரே வேலியோரம் போய்க் கருவேலமுள் ஒன்றை ஒடித்தார். திரும்பி வந்து அவள் முன்னால் குந்தி, அவள் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்தார். எச்சில் தொட்டுப் புழுதியைத் துடைத்தார். முள்ளால் முள்ளைக் கிளறினார். அவள் விழாமலிருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்கிற எண்ணம் இரண்டு பேருக்கும் இல்லை. முள் வந்ததும் அதை அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

ராவுத்தரின் மருமகன் வண்டிக்குள்ளிருந்து அவருக்காகக் கட்டிவைத்த வேட்டியையும் துண்டையும் எடுத்து ஒச்சம்மாவிடம் கொடுத்தான். அவர்கள் இருவரையும் வருசநாட்டுக்குப் போகிற ஒரு வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

நான் சொன்னதைக் கேட்டு சாமியார் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "தலையில் அடிபட்டால் சிலருக்குச் சொற்கள் குலைந்துபோகும். குரலும் ஓசையும் இருக்கும், சொல் இராது. எங்கள் தேசத்தில் ஒரு வைத்தியர் சொல்ல நானே கேட்டிருக்கிறேன். எனக்கு எப்படி நினைவுக்கு வராமல் போயிற்று?" அன்று முழுவதும் அவர் கோயிலைவிட்டு வெளியே வரவில்லை.

வருசநாடு

அடுத்த அறுவடை முடிந்து ஒரு தடவை வருசநாட்டுக்குப் போனேன். மலை சுற்றிலும் நிற்க, நடுவில் ஊர். அவர் பெயர் சின்னமாயன் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். தலைமுடி வளர்ந்திருந்தது. தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கமலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகளிடம் தன்னுடைய பாஷையில்தான் பேசினார். மாடுகள் கேட்டன.

"கொஞ்சங் கொஞ்சம் திரும்புது. ஆனா மாத்தி வருது. தண்ணி வேணும்னா ஏருங்கிறாக. ஏரை எடுக்கச் சொல்லணும்னா உப்புங்கிறாக. நாங்க பழகிக்கிட்டோம்" என்றாள் ஒச்சம்மா.

"தவாய்னா?"

"அது மட்டும் வெளங்கல. சந்தோசத்துக்கும் அதுதேன், கோவத்துக்கும் அதுதேன்."

எனக்கு மோரும் வறுத்த மொச்சையும் கொடுத்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். "நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்மா."

"தெரியாமச் செஞ்சீக."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. களியைப் பற்றிச் சொன்னேன். கட்டைவிரல், குழி, குழம்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மாறியது.

"அதை ஏன் இப்ப எங்கிட்ட வந்து சொல்றீக?" என்று கேட்டுவிட்டு, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்ப வரவில்லை. மன்னித்தாளா, இல்லையா, சொன்னது சரியா, என் பாரத்தை அவள் தலையில் இறக்கிவிட்டேனா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

நான் புறப்பட்டபோது சின்னமாயன் கூடவே வந்தார். மலையில் மழை பெய்து, வழியிலிருந்த ஆற்றில் தண்ணீர் அதிகமாகியிருந்தது. பாறைகளில் பாசி. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று காட்டிக் காட்டி, இடைவிடாமல் பேசிக்கொண்டே என்னை அக்கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு வந்த வழியே திரும்பித் தன் கரையில் ஏறிக்கொண்டார்.

நான் கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தேன். அங்கேயே நின்றார். வாயில் கையைக் குவித்து ஏதோ கத்தினார். தண்ணீர் இரைச்சலில் எந்தச் சொல்லும் தெரியவில்லை. நானும் கையைக் குவித்துப் பதிலுக்குக் கத்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மாடுகளைப் பார்க்கப் போனார்.